பிரேக் பிடிக்காத வண்டி

கூடுவாஞ்சேரியில் உறவினர் வீட்டு அகீகா விருந்தை முடித்துக்கொண்டு, மாலை மயங்கும் வேளையில் தாம்பரம் திரும்பிக்கொண்டிருந்தோம். பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. சாலையைக் கடப்பதற்கு மக்கள் எப்போதும் போல் முண்டியடித்து நின்றனர். பிரேக்கை மிதித்தோம். முதலில் பிடித்தது, பிறகு, சேற்றில் வைத்த காலைப்போல் பெடல் மெல்ல உள்ளே இறங்கிற்று. கைபிரேக்கை இழுத்து வண்டியை நிறுத்தியபோது, தலையில் மூட்டையுடன் நின்ற மூதாட்டி ஒருவருக்கும் நமக்கும் இடையே ஒரு முழமே இருந்தது. பின்னிருக்கையில் அத்தாவின் கையில் உருண்டுகொண்டிருந்த தஸ்பீஹ் மணிகள் நின்றுபோயின.

வண்டி வாங்கிய நிறுவனத்தின் பணிமனைக்கு இருமுறை சென்றோம். எண்ணெய் எங்கும் ஒழுகவில்லை, ஆகவே குறையில்லை என்றனர். நமது பயமே காரணம் என்று நாகரிகமாக உணர்த்தியும் அனுப்பினர். வீட்டிலோ அந்த வண்டியில் இனி ஏறமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். விற்றுவிடலாம் என்று முடிவாயிற்று. தரகர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "பாலிஷ் போட்டுடலாம் பாய், பிரேக்கைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீங்க" என்றார். நாம் மறுத்துப் பேசவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

அத்தா அன்றிரவு ஒன்றே ஒன்று கேட்டார்கள்: "ஏம்பா, அந்தக் கிழவியை இன்னொருத்தன் வண்டிக்கு முன்னாடி நிறுத்தப் போறியா?"

மறுநாள் மேற்குத் தாம்பரத்தில் ஒரு முதிய மெக்கானிக்கைத் தேடிப் போனோம். பெருங்களத்தூரை ஒட்டி முன்னர் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் ஆலையில் இளமையில் தொழில் பயின்றவர். என்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரே அழுத்தமாக மிதித்தபடி பத்து எண்ணச் சொன்னார். ஆறு எண்ணுவதற்குள் கால் கீழே போய்விட்டது. மாஸ்டர் சிலிண்டருக்குள் உள்ள ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டால், எண்ணெய் வெளியே ஒழுகாது. உள்ளுக்குள்ளேயே பின்வாங்கிவிடும் என்று விளக்கினார். பழைய பிரேக் எண்ணெயைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றிக் காட்டினார், கடுங்காப்பி நிறம். அவ்வெண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. சக்கரம் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகும்; ஆவியோ மிதித்தால் அமுங்கும். ஆதலால் ஏற்காட்டு மலையிறக்கம் போன்ற இடங்களில் பிரேக் திடீரெனக் கைவிடுவதுண்டு. ஈராண்டுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்ற வேண்டுமாம். நாம் ஐந்தாண்டுகளாக மாற்றவில்லை! பணிமனையின்மீது கொண்ட சினத்தில் பாதி அங்கேயே தணிந்தது.

மீதிப் பாதி தணியவில்லை. பெரிய நிறுவனங்களின் வண்டிகளிலும் பிரேக் குறை நேர்வதுண்டு. 2016-இல் மாருதி நிறுவனமே பிரேக் உறுப்பொன்றின் பழுதுக்காக 20,427 எஸ்-கிராஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்து கொடுத்தது. நிறுவனம் தானாக முன்வராவிடில் அரசே திரும்ப அழைக்க ஆணையிடலாம் என்ற விதி, 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டத்தின்வழி வந்தது. ஒரே வகை வண்டியைப் பற்றி எத்தனை உரிமையாளர்கள் முறையிட்டார்கள் என்பதும் அதில் கணக்கு. வாய் திறவாதவர் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

சிலிண்டரை மாற்றிக்கொண்டு, பணிமனையின் இரு ரசீதுகளையும் இணைத்து முறையீட்டை அனுப்பினோம். பதில் இன்னும் வரவில்லை. வண்டியை விற்கவுமில்லை. சென்ற வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் புறப்பட்டபோது அத்தா முன்னிருக்கையில் வந்து அமர்ந்தார்கள். வாசலைத் தாண்டும்முன், "பத்து எண்ணிட்டியா?" என்று கேட்டார்கள்.