கூச்சலா? குரலா?

"கூச்சல்! காதைக் கிழிக்கும் கூச்சல்! இதற்குப் பெயர் இசையாம்; இதைக் கேட்கக் கட்டணமாம்!" – ராக் இசை என்றதும் பெரியவர்கள் பலர் பகரும் தீர்ப்பு இது. தீர்ப்பளித்தோரில் எத்தனை பேர் வழக்கைக் கேட்டனர்? கேளாமலே தீர்ப்பு! காணாமலே கண்டனம்! பகுத்தறிவு இதனை ஒப்புமோ? ஒப்பாது. எனவே, கேட்டறிவது என்று முடிவு செய்தோம்.

அரையாண்டுத் தேர்வு முடிந்து விடுமுறை. திருத்தவேண்டிய விடைத்தாள் கட்டைப் பையிலே திணித்துக்கொண்டு சென்னை சேர்ந்தோம். மார்கழி, சபாக்களிலே தம்பூரா மீட்டப்படும் காலம். அதே நகரிலே, அதே நாட்களிலே, மின் கிதாரைத் தோளிலே மாட்டிய இளைஞர்களும் மேடை ஏறினர். ஒரே கிழமையில் நான்கு மாலை, நான்கு குழு! "வாத்தியார் வேலை பார்க்கிறவர் போகிற இடமா தம்பி அது?" என்றார், நாம் தங்கிய வீட்டுப் பெரியவர். "பாடம் கற்கப் போகிறோம், அய்யா" என்றோம். வேடிக்கையாகச் சொன்னோம், அதுவே உண்மையாயிற்று.

'இண்டி' என்கிறார்களே, அது யாது? பிறரைச் சாராமை எனும் பொருள் தரும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். பெரும் பதிவு நிறுவனத்தின் பணமும் வேண்டா, பட முதலாளியின் தயவும் வேண்டா, எம் பாட்டை யாமே ஆக்குவோம் என்பது அதன் கொள்கை. 1977 ஜனவரியில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து 'பஸ்காக்ஸ்' குழுவினர், உற்றார் நண்பரிடம் 500 பவுன் கடன் பெற்று, நான்கு பாடல் கொண்ட இசைத்தட்டைத் தாமே வெளியிட்டனர். அச்சிட்டவை 1,000. விற்றவையோ ஏறத்தாழ 16,000! முதலாளியின் வாயிலிலே காத்துக் கிடக்காமலும் கலை வாழும் என்பதை அந்தத் தட்டு காட்டிற்று.

முதல் மாலை, ஒரு மொட்டை மாடி. வந்திருந்தோர் நாற்பதின்மர். பாடுகிறவரே வாயிலில் நின்று சீட்டுக் கிழித்தார். கிதார் வாசிப்பவரே கம்பி இழுத்தார். நிகழ்ச்சி முடிந்ததும் எல்லோரும் கூடிப் பெட்டி சுமந்தனர். எடுபிடி என்று ஒருவர், எசமானர் என்று ஒருவர் அங்கே இல்லை. இரண்டாம் மாலை, டிரம்ஸ் முன் அமர்ந்தவர் ஒரு பெண். பகலிலே வங்கிப் பணி. இரவிலே இடி முழக்கம்! 'அடக்கம் பெண்ணுக்கு அணி' என்போர் அந்த அரை மணி நேரம் அங்கிருந்திருக்க வேண்டும்.

மூன்றாம் மாலை நம்மைச் சிந்திக்க வைத்தது. பெரிய அரங்கு, இருநாள் கூலி கொடுத்தால்தான் உள்ளே இடம். பாடகர் கையசைத்தார், கூட்டம் மெய்ம்மறந்து கும்பிட்டது! கற்சிலையை விட்டுவிட்டுக் கிதாரைக் கும்பிடுவதா பகுத்தறிவு? ஒலியோ நெஞ்சாங்கூட்டை உலுக்கிற்று. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வகுத்த நெறிப்படி, இத்தகைய இடங்களில் ஒலி, 15 நிமிடச் சராசரியில் 100 டெசிபலைத் தாண்டலாகாது. மூன்று டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரு மடங்கு! செவி கெட்டால் மீளாது. காதடைப்பான் அணிந்தே கேட்டோம். அருகிருந்தோர் நகைத்தனர். நகைக்கட்டும், செவி நம்முடையதன்றோ!

நான்காம் மாலை திறந்த மைதானம், கட்டணமில்லை. மேடைக்கு ஒருபுறம் கிதாரின் கம்பியை முறுக்கிச் சுருதி கூட்டினர். மறுபுறம் வைக்கோல் தீயிலே பறையின் தோலைக் காய்ச்சிப் பதம் பார்த்தனர். பின்னர் இரண்டும் ஒன்றாய் முழங்கின. கிதாருக்கு ஓர் ஒலிவாங்கி. பறைக்கும் ஓர் ஒலிவாங்கி. அந்தக் கருவிக்குச் சாதி தெரியாது, பாருங்கள்! எந்த ஓசையையும் தீட்டு என்று அது தள்ளுவதில்லை.

ராக்கின் வேரே ஒடுக்கப்பட்டோரின் வேர்தான். அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலே கிளைத்தது அது. 'ஹவுண்ட் டாக்' பாடலை 1952இல் முதன்முதல் பாடிப் பதிவு செய்தவர் பிக் மாமா தார்ன்டன் எனும் கறுப்பின மங்கை. 1956இல் அதனைப் பாடிய வெள்ளையர் எல்விஸ் பிரெஸ்லிக்குப் புகழ் குவிந்தது. தமக்குக் கிடைத்ததோ 500 டாலர் காசோலை ஒன்றே என்று பின்னாளில் சொன்னார் தார்ன்டன். உழுதவர் ஒருவர், அறுவடை வேறொருவருக்கு!

இங்கேயும் அந்தக் கணக்கைத் திருத்தக் கிளம்பினர் சிலர். 2018 ஜனவரி 6இல் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறை மேடையேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு கானாவையும் ராப்பையும் ராக்கையும் இணைத்தது. இட ஒதுக்கீட்டைப் பாடியது, மாட்டுக்கறியைப் பாடியது. சாதியற்றவர் எனும் அதன் பெயருக்கு அயோத்திதாசப் பண்டிதரின் சிந்தனையே மூலம். ஆண்களே பாடி வந்த கானாவை அந்த மேடையிலே பாடிய இசைவாணியை, 2020இல் பிபிசி தன் நூறு பெண்கள் பட்டியலிலே சேர்த்தது. கூச்சல் என்று இகழப்பட்டது, குரல் என்று உலகால் ஒப்பப்பட்டது!

தோழர்களே! நம் வகுப்பிலே ஒரு மாணவன். அவன் விரல் மேசையைத் தொட்டால் தாளம் பிறக்கும். "யாரிடம் கற்றாய்?" என்றால் தலை குனிவான். தந்தை சாவு வீட்டிலே பறையடிப்பவர் என்று சொல்ல அவனுக்கு நாணம். அந்த நாணத்தை அவன் நெஞ்சிலே நட்டவர் யார்? நாண வேண்டியவர் அவர்களன்றோ!

ஆண்டு விழா மேடையிலே தந்தையும் மகனும் பறை முழக்க இடம் வேண்டும் என்று, இருவரின் இசைவும் பெற்று, தலைமையாசிரியருக்கு எழுதிக் கொடுத்துவிட்டோம். 'மரபில்லை' என்று மறுமொழி வரலாம். வந்தால் மீண்டும் எழுதுவோம். மறுப்போரை நாம் கேட்பது ஒன்றே: முதலில் வந்து கேளுங்கள், பின்னர்த் தீர்ப்புச் சொல்லுங்கள்!