புதுப்பேட்டையில் ஒரு கூட்டணி புல்லட்!

எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கிக் கால் மணி நேரம் நடந்தால் புதுப்பேட்டை. வழி கேட்க வேண்டியதே இல்லை. முதலில் கிரீஸ் வாசனை வரும். அப்புறம் அதையும் மீறிக் கூவம் வாசனை வரும். இரண்டும் சேர்ந்து வந்தால் வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் சிந்தாதிரிப்பேட்டை. 1730-களில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். அங்கே நூலைச் சேர்த்துத் துணியாக்கினார்கள். இந்தப் பக்கம் தொழில் தலைகீழ். முழு வண்டியைப் பிரித்து நூல் நூலாக்கி விடுகிறார்கள்! ஒரு கடையில் கதவுகள் மட்டும். பக்கத்துக் கடையில் ஹெட்லைட் மட்டும். அடுத்ததில் கியர்பாக்ஸ்கள், தேங்காய் மண்டி மாதிரி குவியலாக. 'புதுப்பேட்டையில் முழு வண்டி ஒன்று நின்றால் அது கஸ்டமருடையது. அதையும் ரொம்ப நேரம் நிறுத்தாதே' என்பது சென்னையின் பழைய ஜோக்.

இந்தப் பேட்டைக்கு என் நண்பர் ஒரு வண்டியோடு போனார். ஓட்டிக்கொண்டு அல்ல, குட்டியானையில் ஏற்றிக்கொண்டு. ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவர். அவருடைய அப்பா ஓட்டிய புல்லட் அது. அப்பா போன பிறகு பத்து வருஷம் ஊர் வீட்டில் சாக்குப் போர்த்திக்கொண்டு நின்றிருக்கிறது. "ஓட்டறதா இருந்தா ஓட்டு. இல்லேன்னா எடைக்குப் போடு. பாம்பு அடையுது" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டார். துணைக்கு என்னையும் இழுத்துப் போனார்.

ஆர்.சி. புத்தகத்தில் '1978 மாடல், என்ஃபீல்டு புல்லட் 350' என்று இருந்தது. வண்டியிடம் கேட்டால் அது வேறு கதை சொன்னது. டேங்க் யெஸ்டியுடையது. சீட் எவனோ ரெக்ஸினில் தைத்தது. ஹாரன் நிச்சயமாக லாரியுடையது. முன்பக்கம் மட்டும் கொஞ்சம் குனிந்து, மேனேஜர் ரூமுக்குள் நுழையும் கிளார்க் மாதிரி நின்றது. இதற்குப் பெயர் புல்லட் இல்லை, கூட்டணி ஆட்சி!

நாங்கள் போன பட்டறையில் அறுபது வயசு பாய் ஒருவர். வண்டியைச் சுற்றி ஒரு பிரதட்சணம் வந்தார். ஸ்பானரைத் தொடவே இல்லை. மண்ணெண்ணெய்த் துணி, பென்சில், வெள்ளைத் தாள், சணல் கயிறு... இவ்வளவுதான் கேட்டார்.

முதலில் நம்பர். பெரும்பாலான வண்டிகளில் சேஸிஸ் நம்பர் ஹேண்டில்பார் கழுத்தில் இருக்கும். இந்த வண்டியில் எஞ்சின் நம்பர் சிலிண்டருக்குக் கீழே கிராங்க் கேஸில். அழுக்கைத் துடைத்து, தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் எழுத்து அப்படியே எழும்பி வரும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவே கூடாதாம். நாளைக்கு யாராவது பார்த்தால் நம்பரை அழிக்கப் பார்த்ததாகத்தான் நினைப்பார்கள். எழுத்துக்கள் ஒரே அளவில் இருக்கின்றனவா, நம்பர் இருக்கும் இடம் மட்டும் பள்ளமாக அரம் போட்ட மாதிரி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

சேஸிஸ் நம்பர் ஆர்.சி.யோடு ஒத்துப்போனது. எஞ்சின் நம்பர் ஒத்துப்போகவில்லை.

நண்பர் முகம், டிரையல் பாலன்ஸ் டாலி ஆகாத மார்ச் 31-ம் தேதி ராத்திரி மாதிரி ஆகிவிட்டது. "பாய்... அப்ப இது திருட்டு எஞ்சினா?"

"அவசரப்படாதே தம்பி. கேஸ் ஒடஞ்சா பழசு ஒண்ணு வாங்கி மாட்டுவான். நம்பரும் அந்தக் கேஸோடவே போயிடும். திருட்டாவும் இருக்கலாம், ரிப்பேராவும் இருக்கலாம். அதச் சொல்ல வேண்டியது நான் இல்ல, உன் பில்லு."

புல்லட்டுக்கு இந்த வியாதி அதிகம் வரக் காரணம் இருக்கிறது. இங்கிலாந்தின் ரெட்டிச்சில் பிறந்த வண்டி இது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா உருவாகி, நம்ம திருவொற்றியூரில் தயாராக ஆரம்பித்தது. அந்தப் பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் 2009 வாக்கில் புது எஞ்சின் வரும்வரை அடிப்படையில் அதிகம் மாறவில்லை. தாத்தா வண்டியின் சாமான் பேரன் வண்டிக்கும், கொஞ்சம் தட்டிக்கொட்டினால், பொருந்தும். அதனால்தான் புல்லட் சாகவும் இல்லை, சுத்தமாகவும் இல்லை.

பாய் அடுத்து முன் ஃபோர்க்கைத் தட்டிப் பார்த்தார். "இது யமஹா ஆர்.எக்ஸ். 100 காலு. சக்கரமும் அதோடதுதான். பின்னாடி பத்தொம்போது இஞ்சு, முன்னாடி பதினெட்டு. அதான் மூக்கு தொங்குது."

அங்கேதான் எனக்கு முதுகு சில்லிட்டது. ஆர்.எக்ஸ். 100 சுமார் 100 கிலோ வண்டி. புல்லட் 160 கிலோவுக்கு மேல். ஒல்லிப் பையன் கால் மேல் பயில்வான் உடம்பு! அறுபதில் போகும்போது பள்ளத்தில் விட்டாலோ, முன் பிரேக்கை அழுத்திப் பிடித்தாலோ என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அப்பா வருஷக்கணக்கில் இதில்தான் குடும்பத்தையே உட்கார வைத்து ஓட்டியிருக்கிறார்.

பாய் நிறுத்தவில்லை. கழுத்துக்குக் கீழே இறங்கும் குழாயை விரலால் தடவினார். "இங்க பாரு, லேசா சுருக்கம். முன்னாடி நல்லா மோதியிருக்கு. காய்ச்சி பெண்டு எடுத்திருக்கான்." பின் டயரிலிருந்து முன் டயருக்கு இரண்டு பக்கமும் கயிறு பிடித்தார். இரண்டும் ஒரே கோட்டில் நின்றன. "எடுத்தவன் கைகாரன்தான்" என்று முகம் தெரியாத சக தொழிலாளிக்கு ஒரு சர்டிபிகேட்.

ஆர்.எக்ஸ். 100 நம் நாட்டில் தயாராக ஆரம்பித்ததே 1985-ல்தான். ஆகவே மோதல் அதற்குப் பிறகு. நண்பர் அங்கிருந்தே ஊருக்குப் போன் போட்டார். அம்மா யோசித்துச் சொன்னாராம்: "மோதலா? அதெல்லாம் இல்லியே. 88-ல ஒரு தரம் கையில மாவுக்கட்டு போட்டிருந்தார். மாடிப்படில வழுக்கிட்டேன்னார்..."

போனில் இரண்டு பக்கமும் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

இனி வைத்தியம். நண்பருக்கு முதலில் பெயின்ட் அடிக்க ஆசை. மெரூன் கலர், தங்கக் கோடு. பாய் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் கணக்கில் வரிசையே வேறு. முதலில் ஃபோர்க், சக்கரம், பிரேக், ஹேண்டில்பார் கோன் செட். அதாவது, நிற்பதும் திரும்பும் பாதையும். இரண்டாவது ஒயரிங்: வீட்டு வயரையெல்லாம் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தால் அத்தனையும் பிடுங்கி, ஃபியூஸோடு புதுசாகப் போட வேண்டும். மூன்றாவதுதான் எஞ்சின். பெயின்ட் கடைசி. சுவர் எழுப்புமுன் கோலம் போடுவதில்லையே!

நட்டு போல்ட்டிலும் கலப்படம். பழைய புல்லட்டின் மரை இங்கிலீஷ் அளவு. யாரோ மில்லிமீட்டர் நட்டை வைத்து முறுக்கித் தள்ளியிருந்தார்கள். இரண்டு சுற்று சுகமாகப் போகும், மூன்றாவதில் கடிக்கும். அதற்கு மேல் பலம் காட்டினால் மரை கழன்றுவிடும். நட்டுக்கு அல்லது நமக்கு.

பெட்ரோல் டேங்க் துரு எடுக்க ஒரு நாட்டு வைத்தியம்: ஒரு பிடி பழைய நட்டுகளை உள்ளே போட்டுப் பிள்ளையைத் தாலாட்டுவது போலக் குலுக்க வேண்டும். டேப்பெட் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் பார்க்க வேண்டும். புஷ் ராட் விரலால் சுற்றினால் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பாயின்ட் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர்.

சாமான் வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. "78 மாடலுக்கு பிரேக் கேபிள்" என்று கேட்காதீர்கள். "சாம்பிள் இருக்கா?" என்பார் கடைக்காரர். பழசைக் கையில் எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்து அளந்து வாங்குங்கள். மறக்காமல் பில் கேளுங்கள். பில் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஏனென்றால் கடைசிப் பஞ்சாயத்து ஆர்.டி.ஓ. ஆபீஸில். சொந்த வண்டியின் ஆர்.சி. 15 வருஷம்; அப்புறம் ஐந்து ஐந்து வருஷமாகப் புதுப்பிக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி எஞ்சின் மாற்றினால் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. 2021-ல் வந்த விதிப்படி 50 வயசு தாண்டிய வண்டிக்கு 'வின்டேஜ்' பட்டம் உண்டு. ஆனால் அது பிறந்த மேனிக்கே இருக்க வேண்டும். கூட்டணிகளுக்கு அந்தக் கௌரவம் கிடையாது.

நல்லவேளை, அப்பா அரசாங்க ஊழியர். பஸ் டிக்கெட்டைக்கூட எறியாதவர். டிரங்குப் பெட்டியின் அடியில், மின்சார பில்களுக்கு நடுவே 1988-ம் வருஷத்து ரசீது ஒன்று கிடைத்தது: 'பழைய கிராங்க் கேஸ் - 1' என்று, நம்பரோடு. பென்சில் பிரின்ட்டில் வந்த அதே நம்பர்! மாடிப்படியில் வழுக்கியவர் சாட்சியைப் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

ரசீதோடு நண்பர் விண்ணப்பம் போட்டிருக்கிறார். முடிவு வரும்வரை வண்டி ரோட்டுக்கு வராது. ஆனால் சொந்தக் காலில், பத்தொன்பது இஞ்ச் சக்கரத்தில், நிமிர்ந்து நிற்கிறது. போன வாரம் ஸ்டாண்டில் போட்டபடியே கிக் அடித்துக் காட்டினார். நாலாவது உதையில் 'டப்... டப்... டப்...' என்று பேச ஆரம்பித்துவிட்டது.

அம்மாவுக்கும் போனில் அந்தச் சத்தத்தைக் கேட்க வைத்தாராம். சற்று நேரம் கேட்டுவிட்டு அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்:

"நீயாவது மாடிப்படி ஏறும்போது ஹெல்மெட் போட்டுக்கோடா!"