யார் சாப்பிட்ட புரோட்டாவுக்கு யார் பில்லு?

‘எல்லாரும் சமமா ஷேர் பண்ணிக்கலாம் மச்சி’ன்னு பில் வரும்போது மட்டும் நியாயம் பேசுற நண்பன் எல்லா கேங்லயும் ஒருத்தன் இருப்பான். அவன் ரெண்டு பிளேட் சிக்கன் கொத்து உள்ளே தள்ளியிருப்பான். நமக்கு ஒரு புரோட்டா, ஒரு டீ. ஆனா தலைக்கு ஒரே காசு! ஹோட்டல்ல நடந்தா இது காமெடி. கம்பெனியில நடந்தா ஒருத்தரோட வேலையே போகலாம். அதை இந்த லீவுல ஓசூர்ல பார்த்தேன்.

நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் மூணாம் வருஷம். சிப்காட்ல வண்டி உதிரிபாகம் செய்யுற ஒரு கம்பெனியில இன்டர்ன்ஷிப். ஓசூரைத் தெரியாதவங்களுக்கு சின்ன இன்ட்ரோ: டி.வி.எஸ்., லேலண்ட், டைட்டன்னு பெரிய தலைகள் எல்லாம் 1980-களிலேயே வந்து உட்கார்ந்த ஊர். ஜூஜூவாடியைத் தாண்டினா அத்திப்பள்ளி, கர்நாடகா. கேன்டீன்ல ஒரே டேபிள்ல தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஓடும்.

மெஷின் பக்கம் விடுவாங்கன்னு ஷூ எல்லாம் வாங்கிட்டுப் போனா, கையில ஒரு எக்ஸெல் ஷீட்டைத் திணிச்சாங்க. கிளவுட் பில்! அதாவது, சர்வரை சொந்தமா வாங்காம வாடகைக்கு எடுக்கிறது. அமேசான் 2006-ல் மணிக்கணக்கு வாடகையா ஆரம்பிச்சது, 2017-லிருந்து பல சர்வர்களுக்கு விநாடிக் கணக்கு ஆயிடுச்சு. அவ்வளவு துல்லியமா அளந்து வர்ற பில்லை, எங்க கம்பெனியில என்ன பண்ணினாங்க தெரியுமா? அஞ்சு டிபார்ட்மென்ட்டுக்கும் சமமாப் பிரிச்சிட்டாங்க. நம்ம கொத்து புரோட்டா ஃபார்முலா!

இதுல அடிபட்டது மெயின்டனன்ஸ். அங்கே டிப்ளமோ முடிச்ச ஒரு அக்கா, கான்ட்ராக்ட் வேலையில இருந்தாங்க. மெஷின் அதிர்வை சென்சார் வச்சு அளந்து, பேரிங் போகப்போறதை முன்னாடியே சொல்ற புராஜெக்ட் அவங்களோடது. ‘இவ்வளவு கிளவுட் செலவு இதுக்குத் தேவையா? நிறுத்திடலாம்’னு பேச்சு வந்துடுச்சு. புராஜெக்ட் நின்னா கான்ட்ராக்ட்டும் நிக்கும். ‘நாங்க இவ்வளவு யூஸ் பண்ணவே இல்ல சார்’னு அவங்க சொன்னப்ப கிடைச்ச பதில், பார்டர் ஸ்பெஷல்: ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி!’

என்னோட வேலை, அட்ஜஸ்ட் பண்ணாம அளக்கிறது. முதல்ல ஒவ்வொரு சர்வருக்கும், டிஸ்க்குக்கும் ‘டேக்’ ஒட்டணும். ஹாஸ்டல் பக்கெட்ல பேர் எழுதுற மாதிரி: எந்த டிபார்ட்மென்ட், எந்த புராஜெக்ட், யார் பொறுப்பு. டேக் இல்லாத சர்வருக்கு பில்லில் சொந்தக்காரரே கிடையாது. டிபார்ட்மென்ட் டிபார்ட்மென்ட்டா போய், ‘சார், இது உங்க சர்வரா?’ன்னு கேட்டதுல ரெண்டு வாரம் காலி. பல சர்வருக்கு ‘நம்மது இல்லப்பா’ன்னு எல்லாருமே கை விரிச்சாங்க. ஆனா அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருந்தது. சிலதை நிறுத்தி வச்சிருந்தாங்க. நிறுத்தினாலும் அதோட டிஸ்க்குக்கு வாடகை ஓடும்கிறது பலருக்குத் தெரியல.

அடுத்த தலைவலி. பெரிய சர்வரை எடுத்து அஞ்சு சதவீதம் மட்டும் யூஸ் பண்ணினா, பில் அஞ்சு சதவீதத்துக்கா வரும்? முழுசுக்கும் வரும். மிச்சத்தை யார் தலையில கட்டுறது? இதுக்கு பதில் கிடைச்சது ஐ.டி. ரூம்ல இல்ல, கரன்ட் ரூம்ல! எலெக்ட்ரீஷியன் அண்ணன் சொன்னார்: “தம்பி, ஃபேக்டரிக்கு இவ்வளவு லோடு வேணும்னு இ.பி.கிட்ட முன்னாடியே எழுதிக் கொடுக்கிறோம். அதை முழுசா இழுக்கலைன்னாலும், 90 சதவீதத்துக்கு டிமாண்ட் சார்ஜ் கட்டியே ஆகணும். ஓடின யூனிட்டுக்கு தனி காசு.”

பிடிச்சேன் பாயின்ட்டை! கேட்டு வாங்கினது ஒரு கணக்கு, ஓடினது ஒரு கணக்கு. ஒரு டிபார்ட்மென்ட் தனியா எடுத்த சர்வர்னா, காலியா கிடந்தாலும் வாடகை அவங்களோடது. எல்லாரும் சேர்ந்து யூஸ் பண்ற டேட்டாபேஸ்னா, யார் எவ்வளவு இடம் பிடிச்சாங்க, எவ்வளவு வேலை வாங்கினாங்கன்னு பார்த்துப் பிரிக்கணும்.

புது ஷீட் ரெடி. அக்காவோட புராஜெக்ட் தின்னது பில்லில் பத்தில் ஒரு பங்குகூட இல்ல! பெரிய பங்கு டிசைன் டிபார்ட்மென்ட்டோடது. மீட்டிங்ல அவங்க டென்ஷன் ஆனாங்க. “புது பார்ட் டிசைனை சிமுலேஷன்ல ஓட்டிப் பார்க்கிறதுக்குத்தான் இந்த சர்வர். வேலை செஞ்சா குத்தமா?” நியாயமான கேள்விதான். நிறைய யூஸ் பண்றது வேற, வேஸ்ட் பண்றது வேற. யார் திருடன்னு சொல்ல இந்த ஷீட் இல்ல. யாருக்கு எவ்வளவு ஆச்சுன்னு மட்டும் சொல்லும். அது போதுமா இல்லையாங்கிறதை மனுஷங்கதான் பேசி முடிக்கணும்.

இன்னொரு ஆபத்தும் அன்னிக்கே தெரிஞ்சது. ‘அப்ப பேக்கப்பை நிறுத்திட்டா எங்க பில் குறையுமா?’ன்னு ஒருத்தர் கேட்டார். ஆத்தாடி! காசை மிச்சம் பண்றேன்னு டேட்டாவுக்கே பால் ஊத்திடுவாங்க போல. அதனால பேக்கப், செக்யூரிட்டி ரெண்டையும் பொதுச் செலவாவே வச்சாங்க. அதை மட்டும் தலைக்கு இவ்வளவுன்னு பிரிச்சாச்சு. ஆக, சமமாப் பிரிக்கிறதும் சில இடத்துல சரிதான் மக்களே!

அக்காவோட கான்ட்ராக்ட்டை ஆறு மாசம் நீட்டிச்சிருக்காங்க. பர்மனன்ட் ஆகுமான்னு ஷீட் சொல்லாது. “தம்பி, இத்தனை நாள் வாயால சொன்னேன், யாரும் கேட்கல. நீ நம்பர்ல சொன்னே”ன்னு சிரிச்சாங்க. எனக்கு அது சந்தோஷமா இருந்துச்சு, கொஞ்சம் கஷ்டமாவும் இருந்துச்சு. அவங்க சொன்னப்பவே அது உண்மைதானே?

ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு கிளவுட் அக்கவுன்ட் திறக்கப் போற ஃப்ரெண்ட்ஸ், மூணே விஷயம். முதல் நாளே பட்ஜெட் அலாரம் வைங்க. டீம்ல யார் எந்த சர்வரை எடுத்தாலும் பேரை டேக்ல போடுங்க. வைவா முடிஞ்சதும் ட்ரீட்டுக்கு ஓடாம, சர்வரையும் டிஸ்க்கையும் அழிச்சிட்டுப் போங்க. இல்லைன்னா, கார்டு நம்பர் கொடுத்த அப்பாவி யாரோ, அவனுக்குத்தான் மொத்த பில்லும்!