ஆல்ட்டும் இரண்டும்

இணையத்தில் தமிழ் படிப்பதற்கே யாரையாவது போய்க் கேட்க வேண்டியிருந்தது. 2000-ஐ ஒட்டிய வருடங்களைச் சொல்கிறேன். யாஹூ குழும மடலைத் திறந்தால், தலையில் கொம்பும் புள்ளியும் முளைத்த ஐரோப்பிய எழுத்துகள்தான் வரிசை கட்டி நிற்கும். அது திஸ்கி என்ற குறியாக்கத்தில் எழுதிய தமிழ். அதற்கான எழுத்துருவை இறக்க வேண்டும், பிரவுசர் மெனுவில் என்கோடிங்கைத் தேடி ‘யூசர் டிஃபைன்ட்’ என்று மாற்ற வேண்டும். பிரவுசிங் சென்டரில் இதைச் செய்தால், “கண்டதையும் இறக்காதீங்க சார், வைரஸ் வரும்” என்று குரல் வரும். மறுநாள் வேறு கணினி கிடைத்தால் எல்லாம் முதலிலிருந்து.

சொல்லிக்கொடுத்தவர்கள் முகம் தெரியாதவர்கள். மரத்தடி, ராயர் காபி கிளப் மாதிரியான குழுமங்களில் எந்தப் புதியவர் வந்தாலும் முதல் மடல் ஆங்கிலத்தில்தான் இருக்கும்: தமிழில் அடிப்பது எப்படி? அதே கேள்விக்கு அதே ஆட்கள் அலுக்காமல் பதில் எழுதுவார்கள். நாம் தூங்கி எழுவதற்குள் சிங்கப்பூரிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ ஒருவர், எந்தப் பொத்தானுக்கு அடுத்து எது என்று வரிசையாக எழுதி அனுப்பியிருப்பார். யூனிகோடும் இ-கலப்பை என்ற தட்டச்சு மென்பொருளும் வந்தபின் பாடம் சுருங்கியது. ஆல்ட்டையும் 2-ஐயும் சேர்த்து அழுத்தினால் தமிழ், ழகரத்துக்கு இசட். திரையில் ‘அம்மா’ என்று விழுந்ததும் நன்றி மடலைத் தமிழிலேயே அடித்துவிடலாம். எழுத்துப்பிழைகளோடுதான். அதற்கும் யாராவது சந்தி சொல்லித்தர வருவார்கள்.

பிறகு வலைப்பதிவு. 2004-இல் காசி ஆறுமுகம் தமிழ்மணம் திரட்டியைத் தொடங்கினார். யார் புதிதாக எழுதினாலும் ஒரே பக்கத்தில் தலைப்பு தெரியும். நம் பதிவும் ஒழுங்காகத் தெரிய வேண்டுமென்றால், அவர்கள் தரும் பட்டை நிரலை வார்ப்புருவுக்குள் சரியான இடத்தில் ஒட்ட வேண்டும். ஒரு அடைப்புக்குறி பிசகினால் மொத்தப் பக்கமும் வெள்ளை. எங்காவது ஒரு பின்னூட்டத்தில் புலம்பினால் போதும், “டெம்ப்ளேட்டை மெயில்ல அனுப்புங்க, பார்த்துடலாம்” என்று ஒருவர் வந்து நிற்பார். முதல் பதிவு போட்டவருக்கு வாழ்த்தோடு ஒரு வேண்டுகோளும் தவறாமல் வரும்: வேர்ட் வெரிஃபிகேஷனை எடுத்துவிடுங்கள், பின்னூட்டம் போடக் கஷ்டமாயிருக்கிறது.

அங்கே தேனும் பாலும் ஓடியதாகச் சொல்ல வரவில்லை. சாதிச் சண்டை, ஈழச் சண்டை, அடுத்தவர் பெயரில் ஆபாசமாக எழுதும் போலிகள் என்று எல்லாம் இருந்தன. ஆனால் சண்டை போட்டவரிடமே மறுவாரம் எழுத்துரு சந்தேகம் கேட்க முடிந்தது. அவரும் சொன்னார்.

பதிவுகளின் ஆர்எஸ்எஸ் ஓடைகளைப் பிடித்துப் படிக்கக் கூகுள் ரீடர் 2005-இல் வந்தது. பிடித்த பதிவின் முகவரியைக் கொடுத்தால் புதிதாக எழுதியது தானே வந்து சேரும். படிக்காதவற்றின் எண்ணிக்கை தடித்த எழுத்தில் நிற்கும். ஜே விசையைத் தட்டத் தட்ட அடுத்தது, அடுத்தது, பிறகு ஒன்றுமில்லை. தீர்ந்துவிட்டது, எழுந்து போகலாம். இன்றைக்கு எனக்கு வேண்டியிருப்பது அந்தத் தீர்ந்துபோதல்தான். கைபேசியில் இப்போது கட்டைவிரல் வலித்தால்தான் நிறுத்துகிறோம்.

2013 ஜூலை 1-ஆம் தேதி ரீடரை மூடினார்கள். ஓடைகளின் பட்டியலைக் கோப்பாக இறக்கிக்கொண்டு வேறொரு செயலிக்கு மாறினேன். யாஹூ குழுமங்களில் சேர்ந்திருந்த மடல்களை 2019 டிசம்பரில் அந்த நிறுவனமே அழிக்கத் தொடங்கியது. யார் யாருக்கு எப்படித் தமிழ் அடிக்கச் சொல்லிக்கொடுத்தார் என்பதெல்லாம் அவற்றோடு போயிற்று.

அக்கா மகள் கைபேசியிடம் பேசியே தமிழில் எழுதிவிடுகிறாள். யாரிடமும் கேட்டதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அவள் திரையில் யார் எழுதியது முதலில் வர வேண்டும் என்பதை அவள் தீர்மானிப்பதில்லை. அதை மாற்றலாமா என்று கேட்டால், “அதெல்லாம் அதுவா வரும் மாமா” என்கிறாள்.

ஆர்எஸ்எஸ் இன்னும் சாகவில்லை. வேர்ட்பிரஸ் தளம் எதிலும் முகவரியின் கடைசியில் ‘ஃபீட்’ என்று சேர்த்தால் பெரும்பாலும் ஓடை கிடைக்கிறது. என் பட்டியலில் பாதிப்பேர் எழுதுவதை நிறுத்திப் பல வருடமாகிறது. நான் யாரையும் நீக்கவில்லை. போன மாதம் அவர்களில் ஒருவர் பழைய பதிவுகளை எப்படிச் சேமிப்பது என்று கேட்டு எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்ததை வரிசையாக எழுதி அனுப்பினேன்.