கை கழுவினீர்களா?

அக்காவுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்த பிறகு, தாம்பரத்தில் மின்சார ரயிலேறிக் கிண்டியில் இறங்குவது எனக்கு நித்திய கர்மாவாகிவிட்டது. அன்று உட்கார இடமில்லை. வழி நெடுகக் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். வார்டில் நுழைந்ததும், அக்காவின் புஜத்திலிருந்த பிளாஸ்திரியின் ஓரம் பிரிந்திருப்பதைக் கண்டு, அமுக்கிவிடக் கையை நீட்டினேன்.

"சார், கை கழுவினீங்களா?" என்றாள் நர்ஸ்.

இருபத்திரண்டு வயசுப் பெண். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கால் கழுவாதவனை அடுக்களைப் பக்கம் விடாத பாட்டியிடம் வளர்ந்தவன் நான்! ஆனால் கழுவவில்லை என்பதுதான் உண்மை.

கழுவிவிட்டு வந்தபின் அவளே விளக்கினாள். பிளாஸ்திரிக்கு அடியில் நுழையும் மெல்லிய குழாய் இதயத்தின் வாசல்வரை போகிறதாம். புற்றுநோய் மருந்து சிறிய ரத்தக்குழாய்களைப் புண்ணாக்கிவிடும் என்பதால் இந்த ஏற்பாடு. அதே மருந்து வெள்ளை அணுக்களையும் அழித்துவிடுகிறது. காவற்காரன் இல்லாத வீட்டுக்கு நேராக ஒரு ராஜபாட்டை! நம் தோலில் சாதுவாகக் குடியிருக்கும் கிருமி அதன் வழியே ரத்தத்தில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. குழாயின் மூடியை ஸ்பிரிட்டால் அழுத்தித் துடைத்தபடி, அவள் பதினைந்து வரை வாய்க்குள் எண்ணினாள்.

அன்றிரவு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். 2001-இல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பீட்டர் பிரோனோவோஸ்ட் என்ற டாக்டர், குழாய் பொருத்த ஐந்தே விதிகளை எழுதினார். கை கழுவு, தோலைக் கிருமிநாசினியால் துடை, நோயாளியை முழுக்கப் போர்த்து, தொடை இடுக்கைத் தவிர், வேலை முடிந்த குழாயை உடனே எடு. எல்லாம் டாக்டர்களுக்குத் தெரிந்தவைதாம். ஒன்று தவறினாலும் டாக்டரைத் தடுத்து நிறுத்த நர்ஸுக்கு அதிகாரம் கொடுத்தார்களே, அதுதான் புதுமை. மிச்சிகன் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இந்த முறையைக் கையாண்டதில், பதினெட்டு மாதத்தில் தொற்று 66 சதவீதம்வரை குறைந்ததாக 2006-இல் அறிவித்தார்கள்.

மறுநாள் பெரிய டாக்டர் வந்தார். கைபேசியில் பேசி முடித்து, அதைப் பையில் போட்டுக்கொண்டு, நேரே குழாயண்டை குனிந்தார். என்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய பெண் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு மிச்சிகன் எங்கே, இந்த வார்டு எங்கே! இரவெல்லாம் படித்த எனக்கும் தொண்டை அடைத்துவிட்டது.

"கோவிச்சுக்காதீங்க டாக்டர், கை கழுவிட்டீங்களா?"

அக்காதான் கேட்டாள்.

அவர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு பேசாமல் குழாயடிக்குப் போனார். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. நர்ஸ் தலை நிமிர்ந்தாள். அக்காவின் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன, எண்ணிக்கொண்டிருந்தாள்.