ஹரிக்கேனின் விசிறி

இந்திய விமானப்படையின் 6ஆவது ஸ்குவாட்ரன் 1942 டிசம்பர் 1 அன்று திருச்சியில் தொடங்கப்பட்டது, அதன் விமானம் ஹரிக்கேன். கணினி விளையாட்டுக்காக அந்த விமானத்தை வரைபவரைப் படுத்துவது விசிறிதான். ஹரிக்கேனின் மெர்லின் எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடினால், 0.42 கியர் விகிதத்தில் விசிறி 1260 சுற்று சுழலும். அதாவது நொடிக்கு 21. விசிறியின் மூன்று இறக்கைகளும் தனித்தனியாகக் கண்ணில் படாது. அதனால் வேகம் கூடியதும் இறக்கைகளை மறைத்து, வட்டமாகத் தேய்த்த, பின்னணி தெரியும் படம் ஒன்றை வைப்பார்கள். இறக்கையின் அகலம் சுற்றளவுக்கு ஈடாக வளர்வதில்லை. எனவே கருமை விசிறியின் நடுக்குடத்தருகே அடர்ந்து, வெளியே போகப்போக வெளிற வேண்டும். நுனியின் மஞ்சள் பூச்சு மங்கலான வளையமாகத் தெரிந்தால் போதும். பலர் அதை அழுத்தித் தீட்டி, விமானத்துக்கு வளையல் மாட்டிவிடுகிறார்கள்.