தண்ணீரில் இட்ட முட்டைகள்

எங்கள் வீட்டுப் பின்சுவரைத் தாண்டினால் தேயிலை மலை. ஹட்டனில் மழை விட்ட இரவுகளில் அங்கிருந்து 'டிக், டிக்' என்று ஒரு சத்தம் வரும். சிறுவயதில் அதைக் கடிகாரம் என்றே நினைத்திருந்தேன். வாப்பாதான் டோர்ச் அடித்துக் காட்டினார். பெருவிரல் அளவுத் தவளை!

சாதாரண தரம் படிக்கும்போது, சருகுக்கடியில் அதன் முட்டைகள் கிடைத்தன. தவளை முட்டை என்றால் வாற்பேத்தை வரவேண்டுமே. ஐஸ்கிறீம் டப்பாவில் தண்ணீர் நிரப்பி அதில் போட்டேன். நான்காம் நாள் எல்லாம் வெளுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தன. உம்மா ஒன்றும் சொல்லாமல் டப்பாவைக் கழுவி வைத்தார்.

உயர்தரத்தில் உயிரியல் எடுத்த பிறகே அறிந்தேன். இலங்கையின் சூடோபிலோட்டஸ் தவளைகளுக்கு வாற்பேத்தைப் பருவமே இல்லை. பெரும்பாலும் ஈரமண்ணில் இடப்படும் முட்டைக்குள்ளேயே குட்டித் தவளை முழுதாக உருவாகிவிடும். 70க்கும் மேற்பட்ட இனங்கள். அவற்றில் பத்துக்கு மேற்பட்டவை ஏற்கனவே அழிந்துவிட்டன. நானோ அவற்றின் முட்டைகளைத் தண்ணீரில் மூழ்கடித்திருக்கிறேன்.

முட்டைக்குள் என்னதான் நடக்கிறது? டீச்சர் வாசிக்கத் தந்தார். கருக்கட்டிய தவளை முட்டையில், முதற் பிளவுக்கு முன், அடிப்பகுதியின் ஓரமாக நுண்குழாய்கள் சமாந்தரமாக அடுக்கப்படுவதை 1988இல் எலின்சன், ரௌனிங் என்ற இருவர் காட்டினார்கள். அந்தத் தண்டவாளத்தில் முட்டையின் வெளிப்படை சுமார் 30 பாகை திரும்புகிறது. முதுகு எந்தப் பக்கம் என்பது அப்போதே முடிவாகிவிடும். அடியில் புறஊதா ஒளி பாய்ச்சினால் தண்டவாளம் அமையாது, முதுகும் தலையும் இல்லாத உருண்டைதான் வளரும். அதே முட்டையைச் சரித்து வைத்தால், கனமான கருவூண் இடம்மாறி, முதுகு வந்துவிடுமாம்! இந்த இடத்தை மூன்று முறை வாசித்தேன்.

நுண்குழாய்களைப் பார்ப்பதற்கு, அவற்றின் புரதமான தியூபியூலினை மட்டும் பிடிக்கும் ஒரு பிறபொருளெதிரி வேண்டும். பிறகு, அதைப் பிடிக்கும் இன்னொன்று, ஒளிரும் சாயத்தோடு. ஆழத்தில் உள்ளவையும் தெரிய, பென்சைல் பென்சோவேற்று இரு பங்கும் பென்சைல் அற்ககோல் ஒரு பங்கும் கலந்த திரவத்தில் இடுவார்கள். கருவூண் நிறைந்த முட்டை கண்ணாடியாகிவிடும். ஆனால் எல்லாவற்றுக்கும் முன், முட்டையைப் பதப்படுத்த வேண்டும்.

"அப்ப அவங்களும் முட்டைய சாகடிக்கத்தானே செய்றாங்க?" என்றார் வாப்பா.

"ஓம் வாப்பா. ஆனா..." அதற்கு மேல் சொல்ல எனக்கு வரவில்லை.

இந்த மழைக்கும் அதே சுவரோரம் முட்டைகள் இருந்தன. தொடவில்லை. சருகை மட்டும் தூக்கி, கைவில்லையால் பார்த்தேன். தெளிந்த ஊனுக்குள் இரண்டு கறுப்புக் கண்கள், மடித்து வைத்த கால்கள். சருகைத் திரும்பப் போட்டுவிட்டு உம்மாவைக் கூப்பிட ஓடினேன்.